ரெண்டு மடங்காத் திருப்பிக் குடு, பேராண்டி

இந்தக் காலத்துல விதையக் காப்பாத்தாத ஆளே கெடையாது, பேராண்டி. விதைக்கிற ஆளுதான் கொறைஞ்சு போச்சு.

போன தை மாசம் டவுன் கல்யாண மண்டபத்துல ஒரு விதைத் திருவிழா. நானும் போயிருந்தேன். சும்மா சொல்லக் கூடாது, ஏற்பாடு அமர்க்களம். வாசல்ல வாழை, உள்ள ஏ.சி. மேடையில அகலமா ஒரு பேனரு. அதுல மீசைக்காரன் ஒருத்தன் கலப்பையத் தோள்ல சாத்திக்கிட்டு நிக்கான். கலப்பை தலைகீழா இருக்கு. அதைச் சொல்லுறதுக்கு அந்த மண்டபத்துல ஒரு ஆளுக்கும் தெரியல. நானும் சொல்லல. விருந்துக்குப் போன எடத்துல எதுக்குக் கொறை சொல்லணும்?

ஒரு மேசையில வரிசையாக் கண்ணாடிச் சாடி. ஒவ்வொண்ணுலயும் ஒரு பிடி தானியம், அழகா ஒரு சீட்டு. ஒன் வயசுப் பையன் ஒருத்தன் நின்னுக்கிட்டு, "தாத்தா, இது அழிஞ்சுக்கிட்டு இருக்கிற ரகம்"னு சொன்னான். "அப்பிடியா, எந்தப் பட்டத்துல போடணும் தம்பி?"ன்னு கேட்டேன். செல்ல எடுத்தான். தடவுனான். தேடுறான், தேடுறான், நான் நின்ன நிலையில ஆடி போயி ஆவணி வந்திரும்போல இருந்துச்சு. "நெட்வொர்க் இல்ல தாத்தா"ங்கான். சரி, அவனை என்னத்தச் சொல்ல? சாடிக்குள்ள கெடக்கிற விதைக்கும் வயசாகும்னு அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. வெங்காய விதையெல்லாம் ஒரு வருசத்தத் தாண்டுனா மொளைக்கிறதே சந்தேகம். நானாவது எம்பத்து ஒண்ணுலயும் எந்திரிச்சு நடக்கேன்.

விதைய இத்தனை காலம் வச்சிருந்தது யாருன்னு நெனைக்க? பேனர்ல நின்ன மீசைக்காரனா? நானும் மீசைக்காரந்தான், அதனால தைரியமாச் சொல்றேன். நாங்க உழுதோம். விதைச்சோம். வெளைஞ்சதைச் சந்தைக்கு ஏத்துனோம். காசு கைக்கு வந்த அன்னைக்கே டீக்கடை, சீட்டாட்டம்னு கொஞ்சத்தக் கரைச்சோம். அடுத்த வருசம் மேகம் கூடுனதும், "விதை இருக்கா?"ன்னு வீட்டப் பாத்து ஒரு சத்தம் குடுப்போம். உள்ள இருந்து பதில் வராது. கொஞ்ச நேரத்துல அடுப்படிப் பரண்ல இருந்து ஒரு சுரைக்குடுவை எறங்கும். இதுதான் எங்க விவசாய ரகசியம். இதுக்கு மேல ஒண்ணும் கெடையாது.

உள்ள இருந்த வீட்டுக்காரி அதை எப்பிடிச் சேத்தான்னு பாத்திருக்கியா? அறுப்பாளுக எறங்குறதுக்கு முந்தியே காட்டுக்குள்ள போயிருவா. நம்ம கண்ணுக்கு எல்லாக் கதிரும் ஒண்ணுதான். அவ ஒண்ணத் தொடுவா, விட்டுருவா. இன்னொண்ணத் தொடுவா, ஒடிச்சு மடியில போடுவா. ஓரத்துக் கதிர எடுக்க மாட்டா. அடுத்தவன் காட்டுப் பூந்தாது கலந்திருக்கும்னு அவளுக்குத் தெரியும். நடுக்காட்டுல, பூச்சி தொடாம, காத்துக்குச் சாயாம, அந்த வருசத்து வெயிலையும் தாங்கி நின்ன கதிரு எதுவோ அது மட்டுந்தான் மடிக்குப் போகும். கூலி இல்லாத வேலை அது. யாரும் அவளை ஆராய்ச்சியாளர்னு கூப்பிடல. "காலங்காத்தால எங்க போயித் தொலைஞ்ச?"ன்னுதான் நாங்க கேட்டோம்.

வீட்டுக்கு வந்த பெறகு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வைத்தியம். சோளக் கதிரு அடுப்புக்கு மேல புகையில தொங்கும். பாகல், பீர்க்கு விதைய ஈரச் சாணியில அப்பிச் சுவத்துல தட்டிருவா. துவரைக்குச் செம்மண்ணக் கரைச்சுப் பூசிக் காயப் போடுவா. வண்டு கிட்ட வராது. மத்ததுக்குச் சாம்பல், வேப்பெல, நொச்சியெல, கொஞ்சம் வசம்புப் பொடி. எல்லாம் முடிஞ்சு குலுக்கை வாய மண்ணு வச்சு மெழுகிட்டான்னா, பெறகு அது அம்மன் கோயில் உண்டியல். பஞ்சம் வந்தா ஆட்ட வித்தாக. காதுல கெடந்தத வித்தாக. அந்தக் குலுக்கைய மட்டும் தொறக்கல.

அப்புறம் முளைப்பாரி. கோயில் கொடையில பொம்பளைக தலையில தூக்கிட்டு வந்தத வீடியோ எடுத்து, ட்ரம்ஸ் சத்தம் சேத்து ஊருக்கெல்லாம் அனுப்புனியே, அதேதான். அது என்னன்னு நெனைச்ச, பூச்செண்டா? அவுகவுக வீட்டுப் பயறு பச்சையக் கொண்டாந்து, ஓட்டுல எருவப் போட்டு ஊனி, இருட்டறையில வச்சுத் தண்ணி தெளிச்சு வளப்பாக. ஒரு வாரம் பத்து நாளுல ஊருக்கே தெரிஞ்சு போகும், எவ வீட்டு விதை நெருக்கமா மொளைச்சிருக்கு, எவ வீட்டுது சொத்தைன்னு. சாமிக்குச் சாமியும் ஆச்சு, சோதனைக்குச் சோதனையும் ஆச்சு. விதைப் பரிசோதனை ஆபீசுல இதையேதான் ஈரத் தாள்ல பரப்பி வச்சு, மொளைச்சத எண்ணிச் சான்று குடுக்காக. அங்க குலவை போட மாட்டாக, அம்புட்டுத்தான் வித்தியாசம்.

சரி, எங்க ஊருப் பெருமைய விடு. தெலுங்கானாவுல ஜஹீராபாத்னு ஒரு ஊரு. இப்பச் சங்காரெட்டி மாவட்டம், முன்னாடி மேடக். எனக்கு எப்பிடித் தெரியும்னு கேக்காத. கெழவனுக்குக் கண்ணு மங்குனாலும் காது நல்லாத்தான் இருக்கு. எங்க கரிசலாவது நல்ல மண்ணு, ஒரு மழை பேஞ்சா ஈரத்தப் பிடிச்சு வச்சுக்கிடும். அங்க ஏழைபாழைக கையில இருந்தது செம்மண்ணும் சரளையும். கெணத்துப் பாசனம்லாம் பெரிய வீட்டுக்காரவுகளுக்கு. இவுகளுக்கு வானம்தான் எசமான்.

1983-ம் வருசம். என்.டி. ராமாராவ் முதலமைச்சரா வந்து கிலோ ரெண்டு ரூபாய்க்கு அரிசி போட்ட வருசம். அதைக் குத்தம் சொல்லுவேன்னு பாக்காத. பசிச்ச வீட்டுக்கு அரிசி வந்தாச் சந்தோசந்தானே? நானே ரேசன் அரிசிச் சோத்தத் தின்னுட்டுத்தான் ஒன்கிட்ட நாயம் பேசிக்கிட்டு இருக்கேன். ஆனா அரிசி வாசலுக்கு வந்த பெறகு சோளக்காட்டுக்கு யாரு போவா? காடு தரிசாச்சு. ரெண்டு வருசம் விதைக்காம விட்டா, மூணாம் வருசம் மனசிருந்தாலும் விதை இருக்காது. ஒரு ரகம் சாகுறதுக்குப் பூச்சியும் வேண்டாம், புயலும் வேண்டாம். "இந்த வருசம் வேண்டாம்"னு எல்லாரும் ஒரே சமயத்துல நெனைச்சாப் போதும்.

அதே 1983-லதான் அங்க பஸ்தாபூர்ங்கிற கிராமத்த வச்சு தக்காண வளர்ச்சிச் சங்கம்னு ஒண்ண ஆரம்பிச்சாக. பி.வி. சதீஷ்னு, தூர்தர்ஷன்ல நிகழ்ச்சி தயாரிச்சுக்கிட்டு இருந்த மனுசனும் அவரு கூட்டாளிகளும். படிச்சவுக கிராமத்துக்கு வந்தா வழக்கமா என்ன நடக்கும்? அவுக பேசுவாக. நம்ம தலையாட்டுவோம். மத்தியானம் பொட்டலச் சோறு. சாயங்காலம் குரூப் போட்டோ. போயிருவாக. அங்க அப்பிடி ஆகல. ஊருக்கு ஊரு பொம்பளைக சங்கம் கட்டுனாக. பெரும்பாலும் தலித் பொம்பளைக. ஏக்கர், ரெண்டு ஏக்கர், அதுவும் கல்லாக் கெடந்தது. கையெழுத்துப் போடத் தெரியாது. எந்த மண்ணுக்கு எந்தச் சோளம்னு தெரியும். யாரு யாருக்குப் பாடம் சொல்லணும்? வந்தவுக புத்திசாலிக, பேசுறத நிறுத்திட்டுக் கேட்டாக. இது ரொம்ப அபூர்வம் பேராண்டி. பட்டம் வாங்குனவன் வாய மூடிக் கேக்குறதுங்கிறது வால் நட்சத்திரம் தெரியுறதை விட அபூர்வம்.

அவுக காட்டப் பாத்தா ஒனக்குத் தலை சுத்தும். ஒரே துண்டுல பதினஞ்சு, இருபது பயிரு. சோளம், கம்பு, தினை, துவரை, பாசிப்பயறு, தட்டாம்பயறு, கொள்ளு, எள்ளு, ஊடால புளிச்சக்கீரை. "என்ன தாத்தா, ஒழுங்கே இல்ல"ம்ப. கணக்குப் பாரு. தினை முந்தி வந்திரும். சோளம் அதுக்குப் பெறகு. துவரைக்கு அவசரமே கெடையாது. எல்லாரும் அறுத்துட்டுப் போன பெறகுதான் சாவகாசமாப் பூக்கும், ஆழத்துக்கு வேர எறக்கி எவனும் தொடாத ஈரத்தக் குடிக்கும். பயறு வேரு மண்ணுக்கு உரம் சேக்கும். மொத மழை தவறுனா ஒண்ணு போகும், கடைசி மழை தவறுனா இன்னொண்ணு போகும். பூராவும் ஒரே நாளுல போறதுக்கு எடமில்ல. ஆட்டுக்கு, மாட்டுக்கு, குழம்புக்கு, கூழுக்குன்னு எல்லாம் அதுக்குள்ளயே இருக்கு. களை மருந்து அடிக்கலாம்னா முடியாது. நம்ம களைன்னு சொல்லுறதுல பாதிய அவுக கீரைன்னு சட்டியில போடுவாக.

இந்தக் கணக்கத் தெரிஞ்ச பொம்பளைக இன்னொரு வேலையும் செஞ்சாக. 2002-ல நம்ம நாட்டுல பி.டி. பருத்திக்கு அனுமதி குடுத்தாகல்ல? பேப்பரைத் தொறந்தா ஒரே புகழ்ச்சி. இவுக கேமராவத் தூக்கிக்கிட்டு வாரங்கல் பக்கம் போனாக. ஆமா, கேமராதான். சங்கத்துலயே பழகிக்கிட்டாக. பருத்தி போட்ட சம்சாரிககிட்ட என்ன செலவாச்சு, என்ன வந்துச்சு, கையில என்ன மிஞ்சுச்சுன்னு கேட்டுப் படம் பிடிச்சாக. அந்தப் படம் வெளிநாட்டுல எல்லாம் ஓடுச்சு. நீ எடுத்த வீடியோவுல ட்ரம்ஸ் சத்தம் நல்லா இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல.

இப்ப விசயத்துக்கு வாரேன். அவுக விதை வங்கி. வங்கின்னதும் ஒனக்குக் கண்ணாடிக் கதவும் டோக்கனும் ஞாபகத்துக்கு வரும். அங்க அது ஒரு வீட்டு மூலை. சாணியும் மண்ணும் மெழுகுன கூடைக. உள்ள விதையோட சாம்பல், வேப்பெல. விதைப்புக்கு முந்தி வேணுங்கிறவ வந்து வேணுங்கிறத அளந்து வாங்கிட்டுப் போகலாம். காசு கேக்க மாட்டாக. வெளைஞ்ச பெறகு ரெண்டு மடங்காத் திருப்பிக் குடுக்கணும். ஒரு படிக்கு ரெண்டு படி. அம்புட்டுத்தான் சட்டம்.

"நூத்துக்கு நூறு வட்டியா!"ன்னு கணக்குப் படிச்ச ஒன் மச்சான் வாயப் பொளப்பான். ஒரு சோள விதை ஊனுனா எத்தனை மணியாத் திரும்பி வருதுன்னு அந்தப் பயலை ஒரு கதிர வச்சு எண்ணிப் பாக்கச் சொல்லு. எண்ணி முடிக்கிறதுக்குள்ள அவனுக்கு லீவு முடிஞ்சிரும். பூமி குடுக்கிறதுல இது ஒரு துளி. அந்தத் துளியிலயும் எவனும் கொழுக்கல. அடுத்த வருசம் இன்னொருத்தி மடிக்குப் போகுது. விதைங்கிறது உறைமோர் போல, பேராண்டி. ஒன் வீட்டுல கெட்டுப் போனாப் பக்கத்து வீட்டுல இருக்கும். அது போன மாசம் நீ குடுத்ததாத்தான் இருக்கும். எவளும் பூட்டி வைக்காத வரைக்கும் தெருவுல தயிருக்குப் பஞ்சமில்ல.

இன்னொரு ஏற்பாடும் பண்ணுனாக. தரிசாக் கெடந்த காட்டத் திருத்த சம்சாரிக்கு முன்பணம் குடுத்தாக. பணமாத் திருப்பிக் கேக்கல, சோளமாக் கேட்டாக. அந்தச் சோளத்தச் சேத்து வச்சு, வேலைவெட்டி இல்லாத மாசத்துல ஊருல இல்லாதப்பட்ட வீடுகளுக்குக் கொறைஞ்ச வெலைக்கு அளந்தாக. எந்த வீடு இல்லாதப்பட்ட வீடுன்னு ஊரே கூடி உக்காந்து முடிவு பண்ணுச்சு. பக்கத்து வீட்டு அடுப்பு எரியுதா இல்லையான்னு தாசில்தாருக்குத் தெரியுமா, பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியுமா? ரேசன் கார்டுல மெத்தை வீட்டுக்காரன் ஏழையா நிக்கிற கதையெல்லாம் நமக்குப் புதுசா என்ன?

திருவிழாவும் உண்டு. இல்லாமலா? சங்கராந்தி முடிஞ்ச கையோட மாட்டு வண்டியச் சோடிச்சு, கூடை கூடையா விதைய ஏத்திக்கிட்டு ஊரு ஊராப் போவாக. ஒரு மாசம் நடக்கும். பழம்பயிர் ஜாத்ரான்னு பேரு. திருவிழாவுக்கு நீ டிக்கெட் எடுத்துப் போற. அங்க திருவிழா நடந்து வந்து ஒன் வாசல்ல நிக்கும். 2008-ல மாச்சனூர்ங்கிற கிராமத்துல இருந்து சொந்தமா ஒரு ரேடியோவே ஆரம்பிச்சாக, சங்கம் ரேடியோன்னு. பேசுறதும் அவுக, கருவியத் திருகுறதும் அவுக. 2019-ல ஐ.நா. வளர்ச்சித் திட்டம் ஈக்வேட்டர் பரிசு குடுத்துச்சு. 2023-ம் வருசத்த ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சுச்சே, நம்ம நாடு கேட்டு? ஊரெல்லாம் தோரணம் கட்டிக்கிட்டு இருந்த அந்த மார்ச் மாசத்துல சதீஷ் கண்ண மூடிட்டாரு. எந்தச் சிறுதானிய பிஸ்கட் விளம்பரத்துலயாவது அவரு பேரப் பாத்தியா? நானும் பாக்கல.

அந்தப் பொம்பளைக ரேடியோ தொடங்குன அதே 2008-லதான் இன்னொண்ணும் தொடங்குச்சு. நார்வேக்காரவுகளுக்குச் சொந்தமான ஸ்வால்பார்டுன்னு வட துருவத்துக்குப் பக்கத்துல ஒரு தீவுக் கூட்டம். மலையக் குடைஞ்சு, மைனஸ் 18 டிகிரியில உலகத்து விதையெல்லாம் வச்சுப் பூட்டுறாக. இதைக் கேலி பண்ண மாட்டேன். அதுவும் வேணும். வீட்டுல வெளக்கு இருந்தாலும் தீப்பெட்டி ஒண்ணு மேல வச்சிருக்கணும். ஆனா நடந்தது என்னன்னு கேளு. சிரியாவுல சண்டை வந்து, அலெப்போ பக்கம் இருந்த விதை ஆராய்ச்சி நிலையத்துல வேலை நடக்க வழியில்லாமப் போச்சு. அவுக 2015-ல அந்தப் பனிக்குகையில இருந்து தாங்க வச்ச விதைய எடுத்தாக. அங்க வச்சத ஒருத்தர் திருப்பி எடுத்தது அதுதான் மொத தடவை. எடுத்து என்ன பண்ணுனாக? லெபனான்லயும் மொராக்கோவுலயும் விதைச்சாக. வெளைஞ்சதுல ஒரு பங்க 2017-ல திருப்பிக் கொண்டு போயி வச்சாக. பாத்தியா? எம்புட்டுப் பெரிய குகைய வெட்டுனாலும் கடைசியில அந்தப் பொம்பளைக சட்டத்துக்குத்தான் வரணும்: வாங்கு, விதை, திருப்பிக் குடு. அதோட பனிக்குள்ள தூங்குன விதைக்கு இந்தப் பத்து வருசத்து வெயிலு தெரியாது. வருசா வருசம் காட்டுல நின்ன விதைக்குத் தெரியும்.

"என்ன தாத்தா, விதைதானே, கடையில பாக்கெட் வாங்கிக்கிடலாம்"ம்ப. வாங்கிக்கோ. யாரு வேண்டாம்னா? ஆனா வீரிய ஒட்டு ரகத்துல எடுத்த விதையத் திரும்ப ஒருக்கப் போட்டுப் பாரு. ஒண்ணு நெட்டையா நிக்கும், ஒண்ணு குட்டையா நிக்கும், ஒண்ணு காய்க்கும், ஒண்ணு சும்மா முழிக்கும். ஒட்டுச் சேத்த அப்பன் குணமும் ஆத்தா குணமும் மறுவருசம் பிரிஞ்சு போகும். அதோட பொறப்பு அப்பிடி, அதைத் திட்டிப் புண்ணியமில்ல. ஆனா வருசா வருசம் நீ கடைக்காரன் வாசல்ல போயி நிக்கணும். வீட்டுல குலுக்கைக்கு வேலை இல்ல. கதிரத் தொட்டுப் பாத்துப் பொறுக்க மகளுக்குச் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல. எங்க கரிசல்ல கருங்கண்ணிப் பருத்தி கண்ணுக்கெட்டுன தூரம் நின்னுச்சு. மழை ஏமாத்துனாலும் நாலு காய் காய்க்கும். இப்ப அந்த விதைய வச்சிருக்கிற வீட்டத் தேடிப் போயி ஆளுக கெஞ்சி வாங்குறாக.

வீட்டு விதைய வச்சிருந்தா போலீசு பிடிக்கும்னு எவனோ ஒருத்தன் பயங்காட்டுனான். அவன்கிட்டச் சொல்லு, 2001-லயே பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம்னு ஒண்ணு வந்திருச்சு. சம்சாரி விதைய எடுத்து வைக்கலாம், திரும்ப விதைக்கலாம், மாத்திக்கிடலாம், பங்கு போடலாம், விக்கவும் செய்யலாம். பதிவு பண்ணுன ரகத்தக் கம்பெனி பேரு போட்டு விக்கத்தான் கூடாது. 2019-ல குஜராத்துல உருளைக்கிழங்கு போட்ட சம்சாரிக மேல பெப்சி கம்பெனி கேசு போட்டுச்சு. நாலு பேருகிட்ட ஆளுக்கு ஒரு கோடிக்கு மேல கேட்டுச்சு. உருளைக்கிழங்குக்கு ஒரு கோடி! எங்க ஊருல தோட்டம் தொரவு, கெணறு, அதுல கெடக்கிற தவளை எல்லாம் சேத்தாலும் அம்புட்டுப் போகாது. நாடே சத்தம் போட்டுச்சு. கொஞ்ச நாளுல கேச வாபஸ் வாங்கிட்டுப் போயிட்டாக.

இப்ப டவுன் பக்கம் வா. கூழு குடிச்சா மதிப்பில்லைன்னு ஒங்க அப்பன் வீட்டுல கம்ப நிறுத்துனான். நீ இப்ப மண்சட்டியில ஊத்திக் குடுக்கிற ஓட்டல்ல போயி வரிசையில நிக்க. நல்லதுதான். குடி. ஆனா பாரம்பரியம், பாரம்பரியம்னு நெஞ்சத் தட்டும்போது ஒண்ணு நெனைச்சுப் பாரு. பாக்கெட்ல வெள்ளை வெளேர்னு வருதே வரகரிசி, அதுக்கு ஏழு தோலுன்னு சொல்லுவாக. உரல்ல போட்டு இடிக்கணும், பொடைக்கணும், திரும்ப இடிக்கணும். விடியறதுக்கு முந்தி எந்திரிச்சு யாரு இடிச்சா? ஏன் அப்பத்தா வரக விட்டேன்னு ஒங்க அப்பத்தாகிட்டக் கேட்டுப் பாரு. மேடையில சொல்லுற காரணம் எதையும் அவ சொல்ல மாட்டா. "தோள்பட்டை விட்டுப் போச்சுடா"ம்பா. உலக்கையத் தொடாதவன்தான் பழங்காலத்துக்குப் போவோம்னு கூப்பிடுறான். பழங்காலத்துக்கெல்லாம் வேண்டாம். ஊருக்கு ஒரு சின்ன உமி நீக்குற மிசினு வாங்கிப் போடு. அதப் பொம்பளைக சங்கத்துக் கையில குடு. மறுவருசம் பாரு, யாரும் சொல்லாமலே வரகும் குதிரைவாலியும் காட்டுல நிக்கும்.

அந்த ஓட்டல்காரன்கிட்ட ஒரு கேள்வியும் கேளு. இந்தத் தினைய வெளைய வச்சவளுக்கு இதுல எவ்வளவு போச்சு? அவன் பாரம்பரியத்தப் பத்தி ஒரு சீட்டு எடுத்து ஒன் கையில குடுப்பான். வாங்கி மடிச்சு வச்சுக்கோ, கை தொடைக்க ஆகும்.

சொல்ல மறந்துட்டேன், இன்னொரு கணக்கு. 2015-16-ல எடுத்த விவசாயக் கணக்கெடுப்புல, நாட்டுல நூறு சாகுபடிப் பண்ணை இருந்தா அதுல ஏறக்குறைய 14 தான் பொம்பளைக நடத்துறதுன்னு கணக்குல இருந்துச்சு. மிச்சத்துல களை எடுத்தது யாரு, நாத்து நட்டது யாரு, விதை பொறுக்குனது யாருன்னு அந்தத் தாள்ல கட்டம் இல்ல. பட்டாவுல பேரில்லைன்னா பயிர்க்கடனுக்கு இழுத்தடிப்பான், காப்பீட்டுக்கு இழுத்தடிப்பான். பேனர்லயும் எடமில்ல. மகளிர் தினத்துக்கு மேடை போட்டுச் சால்வை போத்துறாக பாரு, அந்தச் செலவுல தாலுகா ஆபீசுக்கு நாலு நடை போயிட்டு வந்தா ஒரு பேரைச் சேத்திரலாம். சால்வைய அவ என்ன பண்ணுவா? கம்பு காயப் போட விரிப்பா.

நீ இப்ப என்ன சொல்லப் போறேன்னு தெரியும். "தாத்தா, இதுக்கெல்லாம் ஒரு செயலி பண்ணப் போறேன்"ம்ப. பண்ணு, பேராண்டி. ஒனக்கும் பொழுது போகணும். ஆனா பண்ணுறதுக்கு முன்னால ஒரு வருசம் ஒரே ஒரு செடிய விதையில இருந்து விதை வரைக்கும் வளத்துப் பாரு. பத்துத் தலைமுறையா அவுக செஞ்சது என்னன்னு அப்பத்தான் பிடிபடும்.

உள்ள எங்க கெழவி ஒரு பிடி அவரை விதை முடிஞ்சு வச்சிருக்கா. போகும்போது வாங்கிட்டுப் போ. ஆடியில ஊனு. நெலம் இல்லைன்னு சாக்குச் சொல்லாத, மொட்டை மாடியில ஒரு பழைய சிமெண்டுச் சாக்கும் ஒரு பிடி எருவும் போதும். கொடி ஏற ஒரு கயிறு கட்டிவிடு. தை பொறக்கவும் காய்ச்சுத் தள்ளும். நல்லாத் தெரட்சியா வந்த மொதக் காய்க நாலஞ்ச அப்பிடியே கொடியில விட்டுரு. நாக்குக்கு ஆசைப்பட்டு அதப் பறிச்சுப் பொரியல் பண்ணிராத. நெத்தாகட்டும், காயட்டும், உள்ள கெடக்கிற விதை கலகலன்னு சத்தம் குடுக்கட்டும். மாசி மாசம் ரெண்டு பிடி கொண்டாந்து திருப்பிக் குடு. கெழவி கையில குடுக்கணும், கேட்டியா? என்கிட்டக் குடுத்துராத. நான் சந்தைக்குக் கொண்டு போயிருவேன்.